ஷோலெம் அலெய்கெம் கதையைத் தமிழ்ல படிக்க வச்சவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

மன்ஹாட்டன்ல செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாங்க கூடுற யூத நாடகம், கதைசொல்லல் வகுப்புல இந்த மே மாசம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட யித்திஷ் மொழியில சிரிக்கச் சிரிக்கக் கதை எழுதின ஷோலெம் அலெய்கெமுக்கு நினைவு வாசிப்பு நடந்துச்சு, அதுல நான் ஒரு கதையை முழுக்க முழுக்கத் தமிழ்ல படிச்சேன். நான் யூதரும் இல்ல, யித்திஷும் தெரியாது, ஃப்ளஷிங்ல இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்காரி, அவ்வளவுதான். என்னை அந்த மைக் முன்னாடி நிக்க வச்சது எத்தனை பேர்னு எனக்குத்தான் தெரியும். யாரும் பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால பேர் இல்லாமலே பொதுவுல நன்றி சொல்றேன். வகுப்புல இருக்கிறவங்களுக்கு இதை என் பொண்ணு இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டிடுவா.

முதல் நன்றி எங்க டீச்சருக்கு. பல வருஷம் மேடையில இருந்தவங்க. வகுப்புன்னா அவங்க பேசிட்டே இருப்பாங்க, நாம நோட்ஸ் எடுக்கணும்னு நெனச்சுதான் போனேன், ஆனா முதல் நாளே கையில ஒரு நாடகப் பிரதியைக் குடுத்து நீங்க இந்தப் பாத்திரம், நீங்க இந்தப் பாத்திரம்னு பிரிச்சு உரக்கப் படிக்க வச்சுட்டாங்க. என் உச்சரிப்பு எப்படி இருக்குமோன்னு தயங்கினப்போ, நியூயார்க் யித்திஷ் மேடையில ஆளாளுக்கு ஒரு ஊர் உச்சரிப்போடதான் பேசினாங்க, தைரியமா படிங்கன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே நான் அவங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்.

யித்திஷ் நாடகம்னு ஒண்ணு இருந்துச்சுன்னே நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 1876ல ருமேனியாவுல யாஷ்னு ஒரு ஊர்ல, ஒரு ஒயின் தோட்டத்துல ஆப்ரஹாம் கோல்ட்ஃபாடன் ஆரம்பிச்சு வச்சாரு, தொழில்முறை யித்திஷ் நாடகத்துக்கு அதைத்தான் பிறந்த இடமா சொல்றாங்க. அதுக்கு முன்னாடி பூரிம் பண்டிகைக்கு வீடு வீடா போய் பைபிள்ல வர்ற எஸ்தர் கதையை நடிக்கிற பூரிம் ஷ்பில் இருந்துச்சு, கல்யாண வீட்டுல பாடி அழவச்சு சிரிக்கவச்சு விடுற பத்கன் இருந்தாங்க. 1883ல ரஷ்யாவுல யித்திஷ் நாடகத்துக்குத் தடை வந்ததும் ஆளுங்க லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கிளம்பி வந்துட்டாங்க, இங்க செகண்ட் அவென்யூவே அவங்க நாடகத் தெருவா ஆயிடுச்சு. எங்க வகுப்புல மூத்தவர் ஒருத்தர் கைத்தடியை ஊனிக்கிட்டே எங்களை அந்தத் தெரு முழுக்க நடத்திக் கூட்டிட்டுப் போனாரு, 12ஆவது தெரு முனையில 1926ல மாரிஸ் ஷ்வார்ட்ஸோட யித்திஷ் ஆர்ட் தியேட்டருக்காகக் கட்டின கட்டடம் இப்பவும் சினிமா தியேட்டரா நிக்குது, உள்ள அண்ணாந்து பார்த்தா கூரை நடுவுல யூதர்களோட சின்னமான தாவீது நட்சத்திரம். சின்ன வயசுல அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நாடகம் பார்க்க வந்ததை அவர் அங்க நின்னு சொன்னாரு. ஐயா, உங்க முட்டிவலியோட எங்களுக்காக அன்னைக்கு நடந்தீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி.

அவர் சொன்ன இன்னொரு கதையும் எனக்குப் பிடிக்கும். 1892ல ஜேக்கப் கோர்டின் எழுதின 'யூத லியர் அரசன்', ஷேக்ஸ்பியர் கதையை ஒரு பணக்கார யூத அப்பாவுக்கு மாத்திப் போட்டது, ஜேக்கப் ஆட்லர் நடிச்சது. பிள்ளைங்க கைவிட்ட அப்பா சாப்பாட்டுக்கு அல்லாடுற காட்சியில கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, அந்தப் பொண்ணு கெடக்குறா, நீங்க எங்க வீட்டுக்கு வாங்க, என் பொண்டாட்டி நல்லா சமைப்பான்னு கத்திட்டாராம். நாடகம் பார்த்த மறுநாள் காலையில ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்ப பேங்க்ல வரிசை நின்னுச்சுன்னும் சொல்வாங்க. பெத்தவங்களை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்த என்னை மாதிரி ஆளுக்கு அதைக் கேட்டா எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

ஆனா என்னை உண்மையா கட்டிப்போட்டது 'டிபுக்' நாடகம் படிச்ச வாரங்கள்தான், டிபுக்னா ஒருத்தர் உடம்புல ஏறுற ஆவி. எழுதினவர் ஆன்ஸ்கி. 1912லருந்து முதல் உலகப் போர் வந்து நிறுத்துற வரைக்கும் இப்போ உக்ரைன்ல இருக்கிற வோலின், பொடோலியா பக்கத்து யூத ஊர்களுக்கெல்லாம் ஒரு குழுவோட போய், போட்டோகிராபர் ஒருத்தர், பாட்டு பதிவு பண்ற மெழுகு உருளைகள் எல்லாம் தூக்கிட்டுப் போய், கிட்டத்தட்ட 1,800 கதைங்களும் 1,500 பாட்டும் சேர்த்தாரு. பிறப்புலருந்து சாவு வரைக்கும் மக்கள்கிட்ட கேக்குறதுக்குன்னு 2,087 கேள்விங்க போட்டு ஒரு புத்தகமே அச்சடிச்சாங்கன்னா பார்த்துக்கோங்க. அந்த சேகரிப்புலருந்து பிறந்த நாடகம் இது. தான் எழுதினது மேடையேறுறதை அவர் பார்க்கவே இல்ல, 1920 நவம்பர்ல போயிட்டாரு, அவருக்கு 30 நாள் துக்கம் முடியுற சமயத்துல வில்னா குழுங்கிற நாடகக் குழு வார்சாவுல அதைப் போட்டாங்க.

கதை நமக்கு ரொம்ப கிட்ட வரும். லேயான்னு ஒரு பொண்ணு, அவளை நெனச்சு உருகின ஹோனன்ங்கிற ஏழை மாணவன் செத்துப் போறான், கல்யாணத்தன்னைக்கு அவன் ஆவி அவ உடம்புல ஏறிடுது. பேய் பிடிச்ச கதைதானேன்னு நான் முதல்ல நெனச்சேன், நாலு பக்கம் தாண்டினதும் வேற ஒண்ணு தெரிய வருது, ரெண்டு பேரோட அப்பாக்களும் சின்ன வயசுல சிநேகிதங்க, பிள்ளைங்க பிறந்தா கட்டி வைக்கிறதா வாக்குக் குடுத்திருக்காங்க, அதுல ஒருத்தர் செத்துட்டாரு, இன்னொருத்தர் பணக்கார மாப்பிள்ளை தேடிப் போயிட்டாரு. செத்துப்போன அப்பா ராபியோட, அதாவது யூத மதகுருவோட, கோர்ட்டுல வழக்குப் போடுறாரு! கல்லறையிலருந்து அவரைக் கூப்பிட்டு விடுறாங்க, மூலையில ஒரு திரை கட்டி அதுக்குப் பின்னாடி இறந்தவருக்கு இடம் குடுத்து, இந்தப் பக்கம் உயிரோட இருக்கிறவரை நிக்க வச்சு விசாரிக்கிறாங்க. டீச்சர் வகுப்புலயும் ஒரு மேசை விரிப்பைக் கட்டித் தொங்க விட்டாங்க, ஒருத்தருக்கும் சிரிப்பு வரல. அதுக்கப்புறம் நடந்த விவாதம் இருக்கே, தப்பு ஹோனன் மேலயா, வாக்கை மறந்த அப்பா மேலயா, தீர்ப்பு சொன்ன ராபி லேயா மனசை ஒரு தடவையாவது கேட்டாரான்னு மணி ஒன்பதரை ஆகியும் முடியல. லேயா தரப்புக்காக வாதாடின அந்த ஓய்வுபெற்ற வக்கீல் அம்மாவுக்கு நன்றி, நீங்க சொன்ன பிறகுதான் நான் அந்த நாடகத்தை அவ பக்கம் நின்னு திரும்ப முதல்லருந்து படிச்சேன்.

சங்கடமான விஷயங்களை டீச்சர் ஒதுக்கி வைக்கல, அதுக்கும் நன்றி. ஷோலெம் ஆஷ்ங்கிற இன்னொரு யித்திஷ் எழுத்தாளரோட 'பழிவாங்கும் கடவுள்' நாடகம் 1923ல பிராட்வேயில ஓடினப்போ நடிகர்களையே கைது பண்ணி ஆபாச வழக்குப் போட்டாங்க, புகார் குடுத்தவர்ல ஒருத்தர் ராபி, பிறகு மேல்முறையீட்டுல அந்தத் தண்டனை நிக்கல. இதைப் பத்தி வகுப்புக்குள்ளயே ரெண்டு கட்சி, சத்தம் கூட உசந்துச்சு, ஆனா ஒருத்தரும் எழுந்து போகல.

வில்னா கெட்டோ, அதாவது நாஜிங்க யூதர்களை அடைச்சு வச்சிருந்த பகுதி, அங்க நடந்த நாடக அரங்கம் பத்திப் பேசின சாயங்காலத்தைப் பத்தி நிறைய எழுத மனசு வரல. 1942 ஜனவரியில அங்க நிகழ்ச்சி அறிவிச்சப்போ கல்லறையில நாடகம் போடக் கூடாதுன்னு எதிர்ப்புத் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்காங்க, சில மாசத்துக்கு முன்னாடிதான் ஆயிரமாயிரம் பேரை பொனார் காட்டுல கொன்னிருந்தாங்க. அப்புறமும் நாடகம் நடந்துச்சு, எதிர்த்தவங்களே சிலர் பின்னாடி மனசு மாறி அது தேவைதான்னு எழுதினாங்க. அன்னைக்குத் தன் குடும்பத்துல யார் யார் திரும்பி வரலன்னு எங்ககிட்ட சொன்ன அம்மாவுக்கு, எங்களை நம்பிச் சொன்னதுக்கு, கை கூப்புறேன்.

இந்தியாவுக்குன்னு ஒரு வாரம் ஒதுக்கினாங்க, நான் கேக்கவே இல்ல. மும்பை பெனே இஸ்ரேல் யூதர்கள் பைபிள் கதைகளை மராத்தியில கீர்த்தனமா பாடிச் சொன்னாங்கங்கறதும், கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாட்டுங்களை நோட்டுப் புத்தகத்துல எழுதி எழுதி அம்மா பொண்ணுன்னு கைமாத்தி வச்சிருந்தாங்கங்கறதும் எனக்கு அங்கதான் தெரிஞ்சுது, 1950கள்ல பெரும்பாலானவங்க இஸ்ரேல் போனப்போ அந்த நோட்டுங்களும் கூடவே போயிருக்கு. உங்க ஊர்ல கதை எப்படிச் சொல்வாங்கன்னு கேட்டாங்க, நான் எங்க பாட்டி கூட்டிட்டுப் போன கதாகாலட்சேபம் பத்திச் சொன்னேன், உடனே ஒருத்தர் ஊர் ஊரா போய்க் கதை சொல்லிப் பிரசங்கம் பண்ற மகிட் பத்தி எடுத்தாரு. அதுல டுப்னோ மகிட்னு ஒருத்தர், 18ஆம் நூற்றாண்டு ஆளு. எந்த விஷயத்துக்கும் கச்சிதமா ஒரு கதை எப்படி உங்களுக்குக் கிடைக்குதுன்னு கேட்டவங்களுக்கு அவர் ஒரு வில்லாளி கதையைச் சொன்னாராம். சுவத்துல வரைஞ்ச வட்டம் ஒவ்வொண்ணுலயும் அம்பு நட்ட நடுவுல குத்தியிருக்கு, எப்படிடான்னு கேட்டா பையன் சொல்றான், முதல்ல அம்பை விடுவேன், அப்புறம் அதைச் சுத்தி வட்டம் போடுவேன்னு. நானும் கதையை முதல்ல சேர்த்து வச்சுக்கிறேன், பேச்சை அதைச் சுத்திக் கொண்டு வர்றேன்னாராம். எவ்வளவு அழகான பதில்!

சரி, மே மாசத்துக்கு வர்றேன். ஷோலெம் அலெய்கெம் 1916 மே 13 அன்னைக்கு இதே நியூயார்க்ல இறந்தாரு, ஒரு லட்சம் பேருக்கு மேல தெருவுல கூடினாங்க. அவர் உயில்ல, என்னைப் பெரிய மனுஷங்க நடுவுல புதைக்காதீங்க, உழைக்கிற சாதாரண ஜனங்க நடுவுல வைங்கன்னு எழுதியிருக்காரு, ஒவ்வொரு நினைவு நாளுக்கும் கூடி என் கதைங்கள்ல நல்லா சிரிப்பு வர்றதா ஒண்ணைப் படிங்க, உங்களுக்கு எந்த பாஷை நல்லாப் புரியுமோ அந்த பாஷையில படிங்கன்னும் எழுதியிருக்காரு. டீச்சர் அந்த வரியைப் படிச்சு முடிச்சதும் நேரா என்னைப் பார்த்து, அப்போ நீங்க தமிழ்லதானே படிக்கணும்னாங்க. நான் ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல.

நான் எடுத்தது தொப்பி கதை. ஷோலெம் ஷக்னான்னு ஒரு சின்ன வியாபாரி, பஸ்கா பண்டிகைக்குத் தவறாம வந்துடறேன்னு பொண்டாட்டிக்குத் தந்தி அடிச்சுட்டு, ரயில் வந்தா எழுப்பி விடுன்னு ஒரு கூலிக்காரன்கிட்ட சொல்லிட்டு, நடுராத்திரி ஸ்டேஷன்ல ஒரு ரஷ்ய அதிகாரி பக்கத்துல உக்காந்து தூங்கிடறான், அவசரமா எழுந்தவன் தன் தொப்பின்னு நெனச்சு அதிகாரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து மரியாதை பண்றாங்க, முதல் வகுப்புல ஏத்தி விடறாங்க. ஏன்னு புரியாம கண்ணாடியைப் பார்க்கிறான், அதுல அதிகாரி தொப்பி தெரியுது, அடப்பாவி, என்னை எழுப்பச் சொன்னா இந்தக் கூலிக்காரன் அதிகாரியை எழுப்பி விட்டுட்டானே, நான் இன்னும் பெஞ்சுலதான் தூங்கிட்டு இருக்கேன்னு தன்னையே எழுப்ப இறங்கி ஓடறான், ரயில் போயிடுது, பண்டிகையும் போயிடுது.

இதைத் தமிழுக்குக் கொண்டு வர்றதுக்கு உக்காந்தவங்கள்ல முதல் ஆள் எங்க கீழ் ஃபிளாட் அக்கா. நான் எழுதினதை வாங்கிப் பார்த்து, இது புத்தகத் தமிழ்மா, அந்த ஆளு டீக்கடையில பேசுற மாதிரி இருக்க வேணாமான்னு கேட்டு, சமையலுக்கு நடுவுல வரி வரியா சொல்லித் திருத்தினாங்க, அவங்க சொன்னதுதான் சரி, ஏன்னா அந்தக் கதையே ஒரு காகித வியாபாரி சிகரெட் பிடிச்சுக்கிட்டே சொல்ற மாதிரிதான் இருக்கும். அக்கா, உங்க காது இல்லன்னா இது நடந்திருக்காது. யித்திஷ் மூலத்தை வச்சுக்கிட்டு நான் சொன்ன ஒவ்வொரு வரியும் சரியான்னு போன்ல பார்த்துக் குடுத்த புரூக்ளின் வகுப்புத்தோழருக்கும், 42ஆவது தெரு நூலகத்துல டோரோட் யூதப் பிரிவுல நான் என்ன கேக்குறேன்னு எனக்கே தெளிவா தெரியாதப்போ பொறுமையா எடுத்துக் குடுத்த நூலகருக்கும் நன்றி. ஆம்ஹெர்ஸ்ட்ல இருக்கிற யித்திஷ் புக் சென்டருக்கும் சொல்லணும், 1980ல ஆரன் லான்ஸ்கி ஆரம்பிச்சது, உலகத்துல மொத்தமே 70,000 யித்திஷ் புத்தகம்தான் மிஞ்சியிருக்கும்னு அப்போ அறிஞர்கள் சொன்னாங்களாம், அவங்க வீடு வீடா, குப்பைத்தொட்டி வரைக்கும் போய்க் காப்பாத்தினது பத்து லட்சத்துக்கும் மேல, அதுல ஆயிரக்கணக்கானதை யார் வேணா இலவசமா படிக்கலாம்.

வாசிப்பன்னைக்கு இங்கிலீஷ், யித்திஷ், ரஷ்யன், ஹீப்ரு எல்லாம் கேட்டுச்சு. நான் படிக்கிறப்போ என் பொண்ணு பின்னாடி திரையில இங்கிலீஷ் வரிகளை ஓட்டினா, ஆனா கண்ணாடி காட்சி வந்தப்போ திரைக்கு வரி வர்றதுக்கு முன்னாடியே முன் வரிசையில சிரிச்சுட்டாங்க, அவங்களுக்குக் கதை மனப்பாடம். நம்ம ஆளுங்க ஆறேழு பேர் ஜெர்சியிலருந்து ரயில் மாறி வந்தீங்க, வகுப்பு நடக்கிற மையத்துல கோஷர்ங்கிற யூத உணவு விதி இருக்கிறதால வீட்டுப் பலகாரம் கொண்டு வர முடியாதுன்னு நான் சொன்னதும் ஒண்ணும் நெனச்சுக்காம பழக்கூடை வாங்கிட்டு வந்தீங்க, அதுக்கு நன்றி. நேரம் கடந்தும் விளக்கை அணைக்காம காத்திருந்த வாசல் காவலருக்கும், ஃபீஸ் கட்ட முடியாதவங்களுக்கு சத்தமில்லாம பணம் போட்டவங்களுக்கும், செவ்வாய்க்கிழமைன்னா தானே தோசை ஊத்திக்கிட்ட என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

யூதப் பண்டிகைங்க முடிஞ்சதும் வகுப்பு மறுபடி ஆரம்பிக்குது. முதல் நாடகம் கோர்டினோட 'மிரெலெ எஃப்ரோஸ்', 1898ல வந்தது, மருமகள் வந்ததும் சொந்த வீட்டை விட்டே வெளிய போற ஒரு கம்பீரமான விதவை கதை. மாமியார் வசனத்தை நான் படிக்கிறேன்னு டீச்சர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், மருமகளுக்கு இன்னும் ஆள் கிடைக்கல. நம்ம ஆளுங்க யாராவது வர்றதா இருந்தா எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க, பிரதி எடுத்து வைக்கிறேன்.

அன்போடயும் நன்றியோடயும்,
ஃப்ளஷிங்லருந்து ஒரு செவ்வாய்க்கிழமை வாசகி