நல்ல நாளிலும் அதே ஐந்து நிமிடம்

திருகோணமலை,
வியாழக்கிழமை.

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை உடம்பு இலேசாக இருந்ததென்று ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு, திங்களும் செவ்வாயும் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தேன் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிழையை வருசக்கணக்காகச் செய்தவள் நான்.

எனக்கு இருப்பது பைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் நோகிற நீண்டகால நோய், என்று டொக்டர் சொல்வதற்கு முன், நோ குறைந்த வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை ஏறிவிடுவேன். மான்களைப் பார்த்து நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் சோறு வடிக்கக்கூட ஏலாது. அப்புறம் பயத்தில் ஒரு கிழமை அசையாமல் கிடப்பேன். கிடக்கக் கிடக்க உடம்பு இன்னும் இறுகும்.

பிசியோ செய்யும் பிள்ளைதான் கேட்டாள், "மோசமான நாளில் எவ்வளவு நடப்பீர்கள் அம்மா?" என்று. விறாந்தையில் ஐந்து நிமிடம் என்றேன். நல்ல நாளிலும் அதற்கு மேல் வேண்டாம் என்றாள். கால் இன்னும் நடக்கக் கேட்கும்போது நிற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு கிழமை கழித்துத்தான் ஒரு நிமிடம் கூட்டினேன். இப்போது விடியற்காலையில் டச்பே கடற்கரை ஈர மணலில் இருபது நிமிடம், பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்தபடி. கதைக்க மூச்சு வாங்கினால் நின்றுவிடுவேன். நோ போகவில்லை, ஆனால் நித்திரை வருகிறது.

என் கணக்கை நீ எடுத்துவிடாதே, பிள்ளை. உனக்கு டொக்டர் சொல்லியிருப்பது எம்.ஈ. என்ற நீண்டகாலக் களைப்பு நோய். அதில் அலுப்பு உடனே வராமல், ஒரு நாள் இரண்டு நாள் கழித்தும் வந்து விழுத்தும். நீ இருக்கும் இங்கிலாந்திலேயே, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்கக்கூடாது என்று 2021இல் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டல் அமைப்பு தன் வழிகாட்டலை மாற்றியது. "கொஞ்சம் முயற்சி செய்" என்று யாராவது சொன்னால் மனம் நோகாதே. உள்ள சக்திக்குள் நிற்பது சோம்பல் இல்லை. குளிப்பதும் சமைப்பதும் என்னோடு போனில் கதைப்பதும் அந்தச் சக்தியில்தான் போகிறது. தலை முழுகும் நாளில் நடக்கப் போகாதே. குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு இருந்து குளி.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது எவ்வளவு நடந்தாய் என்று கேட்கமாட்டேன். நடந்ததற்கு அடுத்த இரண்டு நாளும் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லு.

அன்புடன்,
அம்மா