மாவட்ட அறுவை சிகிச்சை மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். செயற்குழு நான்கு முறை கூடியது. ஜூலை 1 மருத்துவர் தினம் வழக்கம்போல் நடந்தது.

குடல் தையல் பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "அதற்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்கள் அன்று வரவில்லை. விடியற்காலை 5 மணிக்குக் கறிக்கடையில் நின்று ஆட்டுக்குடல் வாங்கியது நான்தான். "வீட்ல விசேஷமா டாக்டர்?" என்றார் கடைக்காரர். பெயர் கொடுத்தவர்கள் 24 பேர். வந்தவர்கள் 9 பேர். மீதிக் குடலை என்ன செய்வது என்பதே தனிப் பிரச்சினையாகிவிட்டது.

ஒவ்வொருவரும் அனஸ்டமோசிஸ் (வெட்டிய குடலை மறுபடி இணைக்கும் தையல்) போட்டு முடித்ததும், இரு முனையையும் கட்டி, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த தண்ணீரை உள்ளே ஏற்றினோம். இளையவர்களின் தையல் தாங்கியது. ஒரு மூத்தவரின் தையலில் மட்டும் மெசென்ட்ரி (குடலைத் தாங்கும் சவ்வு) ஒட்டும் ஓரத்தில் நீலம் துளிர்த்தது. அங்கே கொழுப்பு மறைத்திருந்ததால், ஊசி சப்மியூகோசாவை (குடல் சுவரின் உட்படலத்துக்கு அடுத்த உறுதியான அடுக்கை) பிடிக்காமல் மேலோடு போயிருக்கிறது. குடல் தையலுக்குப் பிடிமானமே அந்த அடுக்குதான் என்று 1887-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் காட்டிவிட்டார். அந்த மூத்தவர் நான்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சிக்கல் பதிவேடு என் யோசனை. பெயரும் மருத்துவமனையும் வேண்டாம், லீக் (தையல் கசிவு), பித்தநாளக் காயம் போன்றவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்த சீட்டுகள் 4. அதில் 3 என்னுடையவை. மற்றவர்களுக்கு லீக்கே வருவதில்லை என்றால் மகிழ்ச்சி. அவர்களே அடுத்த வகுப்பை எடுக்கலாம். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவையில்) பித்தப்பையை எடுக்கும்போது, குழாயை அடைக்கக் கிளிப் போடும் முன் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் கொழுப்பு நீங்கி, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்து, பைக்குள் இரண்டே குழாய்கள் போவது அதில் தெரிய வேண்டும். அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல் சொன்னது இது. தெரியாவிட்டால் பாதிப் பையோடு நிறுத்திவிட்டு வருவதில் வெட்கமில்லை. படம் அனுப்பியவர்கள் இருவர்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளர் சொல்வார். சந்தா பாதிப்பேரிடமிருந்து வரவில்லை. இடம் தந்த மருத்துவமனைக்கும், குடலைக் கழுவித் தந்த தியேட்டர் ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு லேப்ராஸ்கோப்பி பயிற்சிப் பெட்டி ஒன்று வாங்க ஆசை. பொறுப்பிலிருந்து விலக நினைத்தேன்; பெட்டி வந்த பிறகு விலகலாம் என்றிருக்கிறேன். நிலுவைப் பட்டியலை இங்கே வாசிக்கப் போவதில்லை. சாப்பாட்டுக் கூட வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.