குடோனில் வைப்பதா, கடையில் வைப்பதா?

ராமநாதபுரம்

அன்புள்ள பங்காளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். கல்யாணத்தை மட்டும் ஜூன் முதல் பாதியில் வைத்துவிடாதே, என்னால் நகர முடியாது.

மருந்துக் கடைக்குக் கிளைகள் திறக்கப் போகிறாய், சரக்கை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். எங்களுக்கு வலை, கயிறு, பெயின்ட், இன்ஜின் சாமான். குடோன் இங்கே, கடைகள் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை. நான்கு கடையும் அவசரத்துக்கென்று தனித்தனியாக வைக்கும் கூடுதல் ஸ்டாக்கைக் குடோனில் ஒன்றாக வைத்தால் பாதி போதும். நான்கு பங்கு வைக்கிற இடத்தில் நான்கின் வர்க்கமூலமான இரண்டு பங்கு, அந்தக் கணக்குதான். ஒரு கடையில் மந்தமான நாளில் இன்னொன்றில் ஓடும், ஒன்றுக்கொன்று ஈடுகட்டிவிடும். வாங்குபவர் மறுநாள் வண்டி வரும்வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கடைகள் நான்கும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் இந்த லாபம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில். மராமத்து, பெயின்ட், புது வலை எல்லாம் அப்போதுதான். தடை முடிய முடிய நெருக்கடி கூடும். ராமேஸ்வரத்தில் பெயின்ட் தீர்ந்தால் மண்டபத்திலிருந்து எடுத்துக்கொடுக்கலாம் என்று நினைக்காதே, அங்கேயும் தீர்ந்திருக்கும். புயல் கூண்டு ஏற்றினாலும் இதே கதை, நான்கிலும் ஒன்றாக வியாபாரம் படுத்துவிடும். அதனால் பெயின்டைத் தடைக்கு முன்பே கடைகளுக்கு இறக்கிவிடுகிறேன். எப்போதாவது போகும் இன்ஜின் சாமான் குடோனை விட்டு நகராது.

இன்னொன்று. குடோன் இருப்பை மட்டும் பார்த்துக் கம்பெனிக்கு ஆர்டர் போடாதே. கடைகளில் கிடப்பது, வண்டியில் வருவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார். கிளார்க், ஸ்கார்ஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1960லேயே கணக்குப் போட்டு எழுதிவைத்த விஷயம் இது. கடைப் பையன்கள் கேட்கிற எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதே. பத்து கேட்டால் ஐந்துதான் வரும் என்று தெரிந்தால் இருபது எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நானும் கம்பெனிக்கு அப்படித்தான் எழுதுகிறேன்! கேட்டதை விடு, விற்றதைப் பார்.

உனக்குச் சர்க்கரை மாத்திரை வருஷம் முழுக்கச் சீராகப் போகும். மழைக்காலக் காய்ச்சல் மருந்துதான் எங்கள் பெயின்ட் மாதிரி. வாடகை பேசுவதற்கு முன்னால் ஒரு வருஷத்து பில் கணக்கை மாதவாரியாக அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

உன்
பங்காளி