நீ நின்று படமெடுத்த வாசல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். மியூனிக்கில் ஒரு பெரிய கல் வாசலின் முன் நீ நிற்கும் படத்தை அம்மா காட்டினாள். "கிரேக்கக் கோயில் மாதிரி இருக்குப்பா, உள்ளே சாமிதான் இல்லை" என்று எழுதியிருந்தாய். அது கோயில் இல்லையம்மா. கிரேக்க நாட்டின் விடுதலையையும், அங்கே ராஜாவாகப் போன தன் மகனையும் நினைத்து, மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியா நாட்டின் மன்னர் முதலாம் லுட்விக் கட்டிய வாசல்.

துருக்கியரிடமிருந்து விடுபட்ட கிரேக்கத்துக்கு ராஜா தேடியபோது, அந்தப் போரில் துணை நின்ற பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றுக்கும் வேண்டியது தங்கள் வீட்டுப் பிள்ளையாக இல்லாத ஒருவன். 1832இல் லுட்விக்கின் இரண்டாவது மகன் ஓட்டோவைப் பிடித்தார்கள். மறு வருடம் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நாஃப்பிளியோ துறைமுகத்தில் இறங்கியபோது அவனுக்கு வயது 17. கூடவே 3,500 பவேரியச் சிப்பாய்கள். மக்கள் ஆரவாரமாகத்தான் வரவேற்றார்கள்.

ஆனால் பையன் பெயரில் ஆண்டது மூன்று பவேரியப் பெரியவர்கள். விடுதலைப் போரை முன்னின்று நடத்திய கிழவர் கொலொகோட்ரோனிஸ் மீதே ராஜத்துரோக வழக்குப் போட்டு, 1834இல் மரண தண்டனை வாங்கிவிட்டார்கள். ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றார்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் என் குரல் உடைந்துவிடும். மறு வருடம் ஆட்சி தன் கைக்கு வந்ததும் ஓட்டோ கிழவரை விடுவித்தார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர் மேல் பிரியம்.

கெட்ட மனிதர் இல்லை. ஏதென்ஸைத் தலைநகராக்கினார், பல்கலைக்கழகம் தொடங்கினார். அதிகாரத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளத் தெரியவில்லை. 1843 செப்டம்பரில் படையும் ஜனங்களும் அரண்மனை வாசலில் வந்து நின்று கேட்ட பிறகுதான் அரசியல் சட்டத்துக்கு ஒப்புக்கொண்டார். ஆர்த்தடாக்ஸ் நாட்டில் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். ராணி அமலியாவுக்குக் குழந்தையும் இல்லை. 1862இல் இருவரும் வெளியூர்ப் பயணத்தில் இருந்தபோது தலைநகரில் கிளர்ச்சி வெடித்தது. வந்தது போலவே ஒரு பிரிட்டிஷ் கப்பலில் திரும்பினார்கள்.

நீ நின்ற வாசல் கட்டி முடிந்தது அதே 1862இல்! லுட்விக் அப்போது முடி துறந்து 14 வருடம் ஆகியிருந்தது. சொந்தப் பணத்தில் கட்டினார். அதைப் பார்க்கும்போது அந்த அப்பாவுக்கு மனசு எப்படி இருந்திருக்கும் என்று நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டோ பவேரியாவிலேயே பாம்பெர்க் என்ற ஊரில் குடியேறினார். அங்கேயும் கிரேக்க உடைதான், மனைவியோடு தினமும் கிரேக்க மொழியில்தான் பேச்சு. இன்னும் துருக்கியர் கையில் இருந்த கிரீட் தீவின் கிரேக்கர்கள் கிளர்ந்தபோது அவர்களுக்குப் பணம் கொடுத்தார். துரத்திய நாட்டுக்காக, பாரேன். 1867இல் இறந்தார். மகன் போய்ச் சில மாதங்களில், 1868 பிப்ரவரியில், அப்பாவும்.

லுட்விக்கின் கல்லறை அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே, புனித போனிஃபேஸ் மடத்தில் இருக்கிறது. மகனுடையது தேயாட்டினர் தேவாலயத்தின் நிலவறையில். லீவு நாளில் இரண்டு இடத்துக்கும் போய்வா. வாசலின் உட்சுவரில் விடுதலை வீரர்களின் பெயர்களைச் செதுக்கியிருப்பார்கள், அதையும் கிட்டப் போய்ப் படமெடுத்து அனுப்பு. அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா