கூண்டு விலங்குக்கு வேலை கொடுங்கள்

ஆசிரியருக்கு,

கூண்டில் சிறுபிராணி வளர்ப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வளமான சூழல் விலங்கின் மூளைக்கு நல்லது என்று சொன்ன வரையில் சரி. அதற்காக வண்ணப் பொம்மைகளை வாங்கி நிறைக்கச் சொன்னதுதான் இடிக்கிறது. அக்கறையோடு வாங்கிப்போடும் பொருள்களே சில சமயம் விலங்குக்கு மன அழுத்தம் தரும்.

1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ரோசன்ஸ்வைக், மேரியன் டயமண்ட் ஆகிய ஆய்வாளர்களின் குழு எலிகளைப் பிரித்து, சிலவற்றைக் கூட்டமாக, ஏறவும் நுழையவும் பொருள்கள் உள்ள பெரிய கூண்டிலும், சிலவற்றைத் தனித்தனியாக வெறுங்கூண்டிலும் வளர்த்தது. முதல் வகையின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, தடித்திருந்தது. 1997-ல் கெம்பர்மேன், குன், கேஜ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் வளமான கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், ஒருவகை நரம்பணுக்கள் சுமார் 15 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். வளமான கூண்டு மூளையைக் கூட்டியது என்றுதான் இதைப் பலரும் எழுதுகிறார்கள். வெறுங்கூண்டு குறைத்துவிட்டது என்று படிப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. எத்தனை ஏணி வைத்தாலும் அந்தக் கூண்டு ஒரு மண்வளைக்கு ஈடாகாதே.

அழுத்தத்தின் கதையும் ஹிப்போகாம்பஸைச் சுற்றியே வருகிறது. மிரளும் எலியின் அட்ரினல் சுரப்பி கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கும். அளவு ஏறியதும் சுரப்பை அடக்குவதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரும் பங்கு உண்டு. எலிகளைத் தினமும் 6 மணி நேரம் அசையவிடாமல் 21 நாள் வைத்த சோதனைகளில் அந்தப் பகுதியின் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. அடக்க வேண்டிய இடமே நலிவதால், நாள்பட்ட அழுத்தம் தன்னைத்தானே நீட்டித்துக்கொள்கிறது. ஆகவே ஒளிய விரும்பும்போது ஒளியவும், குளிர்ந்தால் கூடு கட்டவும், பசித்தால் தேடவும் விலங்குக்கு வழி இருக்க வேண்டும். பார்க்க அழகான பொம்மை இதில் எதையும் தருவதில்லை.

சுண்டெலிக்கு முதல் தேவை கூடு கட்டும் பொருள். அதன் உடலுக்கு ஏற்ற வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. நமக்கு இதமான 22 டிகிரி அதற்குக் குளிர். 8 முதல் 10 கிராம் சுருள் காகித இழைகள் கொடுத்தால் மேலே மூடிய கூடாகவே கட்டிக்கொள்ளும். பஞ்சு வேண்டாம்: இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது சிறுநீர் நனைந்த மரத்தூளை முழுவதும் கொட்டிவிட்டு, உலர்ந்த கூட்டை மட்டும் புதிய தூளின்மேல் திரும்ப வையுங்கள். ஆண் எலிகள் சேர்ந்திருந்தால் இது மிக முக்கியம். பழைய கூட்டின் வாசனை சண்டையைத் தணிக்கும். பழைய தூளின் வாசனை மூட்டிவிடும்.

சண்டைக்கு இன்னொரு காரணம் ஒற்றை வாசல் வீடு. வலுத்த ஆண் வாசலில் உட்கார்ந்துகொண்டால் மற்றவற்றுக்குப் போக்கிடம் இல்லை. இரண்டு வாசல் உள்ள மறைவிடங்களாக, ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும்.

வெள்ளெலியை, அதாவது ஹாம்ஸ்டரை, தனியாகத்தான் வளர்க்க வேண்டும். அதற்குக் குழி தோண்டுவதே முழுநேர வேலை. 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூள் நிரப்பி ஒப்பிட்டுப் பார்த்ததில், கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் 10-ல் அதிகமாகவும், 80-ல் இல்லாமலும் இருந்தது. கடைக் கூண்டுகளின் தட்டு பெரும்பாலும் 10-ஐக் கூடத் தொடாது. தேவதாரு, பைன் மரத்தூளின் வாசனை எண்ணெய் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் தவிர்க்கவும். ஓடும் சக்கரத்தில் கம்பிப் படிகள் இருந்தால் கால் சிக்கும். தளம் மூடியிருக்க வேண்டும். ஓடும்போது முதுகு பின்னுக்கு வளைந்தால் சக்கரம் சிறியது. பெரிய வகையான சிரிய ஹாம்ஸ்டர் வளர்ந்ததும் 28 சென்டிமீட்டர் விட்டமாவது தேவை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதும் பரவலாக நடக்கும் தவறு. கூட்டையும் மறைவிடத்தையும் தொடாமல், ஏறுவதற்கோ கடிப்பதற்கோ வைத்த பொருள்களில் ஒன்றை மட்டும் 2, 3 நாளுக்கொரு முறை மாற்றலாம். கிளிகள் புதுப்பொருளைக் கண்டு மிரளும். முதலில் கூண்டுக்கு வெளியே தள்ளி வைத்து, நாளுக்குநாள் நெருக்கி, பிறகு உள்ளே வையுங்கள். துத்தநாகம் பூசிய கம்பியைக் கிளி கொறித்தால் விஷம். தீனியைக் காகிதத்தில் பொதிந்தோ துளையிட்ட மரத்துண்டில் செருகியோ கொடுத்தால், இறகு பிடுங்கும் பழக்கம் பல பறவைகளில் குறைகிறது. தொடக்கத்தில் கால் பங்குத் தீனியை மட்டும் அப்படி மறைத்து, வாரந்தோறும் எடை பாருங்கள். எடை இறங்கினால் மறைத்தது கடினமாகிவிட்டது.

இவற்றால் பலன் உண்டா என்று அறிய ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. கையில் பிடித்த சில நிமிடங்களிலேயே அழுத்த ஹார்மோன் ஏறும்; எலிகளுக்கு மாலையிலும், சக்கரத்தில் ஓடிய பின்பும் அது இயல்பாகவே கூடுதல். ஒரே நேரத்தில், பல நாள், ஐந்தைந்து நிமிடம் பார்த்து, கம்பி கடித்தல், ஒரே தடத்தில் சுற்றுதல், உரோமம் பிடுங்குதல் எத்தனை முறை நடக்கிறது என்று குறித்துவைப்பது மேல். குட்டியிலிருந்தே வெறுங்கூண்டில் இருந்து இப்பழக்கம் ஊறிப்போன விலங்கு, சூழலை மாற்றியபின்னும் அதை முழுக்க விடுவது அரிது. எண்ணிக்கை பாதியானாலே நல்ல முன்னேற்றம். திடீரெனக் கூடினால் வலியோ நோயோ இருக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
விலங்குப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்