ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கு டயாலிசிஸ் வார்டிலேயே ரத்தம் எடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
தாலுகா அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்வோரின் குடும்பத்தார்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்) பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும் மாத்திரை வழங்குவதும் எங்கள் மருத்துவமனையிலேயே நடக்க ஆவன செய்ய வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பும் குறைதீர் நாளில் கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்று குறுஞ்செய்தி வந்ததோடு சரி. எங்கள் டயாலிசிஸ் வார்டைத் தாங்களே நேரில் பார்த்திருக்கிறீர்கள்.

1. என் கணவர் உட்படச் சிலருக்கு கார்டு டெஸ்ட்டில் (வைரஸுக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் உடனடிப் பரிசோதனை) ஈரலைக் கெடுக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ். தடுப்பூசி இல்லாத நோய், ஆனால் மாத்திரையில் பெரும்பாலோருக்கு முழுதாகக் குணமாகிவிடும். 2018 முதல் தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அதற்கு நன்றி.

2. மாத்திரை தொடங்க வைரல் லோடு பார்க்க வேண்டும். அதற்கு மாவட்டத் தலைநகரில் திங்கட்கிழமை மட்டும்தான் ரத்தம் எடுக்கிறார்கள். இவருக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. திங்களை விட்டால் வெள்ளிக்கு அப்புறம் புதன்தான். அதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். அப்படியும் பஸ் மாறிக் கூட்டிப்போனால் "கிட் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். ஐயா, வாரம் மூன்று முறை இவர் கையில் ஊசி குத்தி உடம்பு ரத்தத்தையெல்லாம் மெஷினில் சுற்ற விடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து போடுவதற்கு முன் அதே ஊசியில் சில மில்லி எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்ப முடியாதா? வண்டி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். காசநோய் சளி மாதிரி இங்கிருந்துதானே போகிறது!

3. பாசிட்டிவ் என்றால் தனி மெஷின். இருப்பது ஒன்றே ஒன்று. அது பழுதானால் தனியாரிடம் காசு கட்டி ஓட வேண்டும். குணமான பிறகும் கார்டு டெஸ்ட் பாசிட்டிவ் என்றே காட்டும். வைரஸ் போய்விட்டது என்று சொல்ல வைரல் லோடு ரிப்போர்ட் ஒன்றுதான் வழி. அதற்கும் மறுபடி திங்கட்கிழமையா?

4. பொதுவாக 12 வார மாத்திரை. அதை எங்கள் மருந்தகத்திலேயே கொடுங்கள்.

ஐயா, புதுக் கட்டடமோ புதுக் கருவியோ கேட்கவில்லை. டயாலிசிஸ் படுக்கையிலேயே ரத்தம் எடுக்க ஓர் உத்தரவு போடுங்கள். மருந்து இருந்தும் ஈரல் கெடுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? தயவுசெய்து இந்த முறை உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பத்தார்
(கையொப்பங்கள் இணைப்பில்)