ஜன்னல் கட்டையில் இருந்த அட்டை

பாலக்கோடு
தை 24

அன்புள்ள பாப்பா,

பொங்கலுக்கு வந்து நீ போய் மூன்று வாரம் ஆகப்போகிறது. போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்கிறாய், "சாப்பிட்டேன்" என்கிறேன். நான் கேட்டால் நீயும் அதையே சொல்கிறாய். வைத்துவிடுகிறோம். சொல்ல வேண்டியது எனக்குப் போனில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விடு. இங்கே இருந்த நான்கு நாளும் பார்த்தேன், தட்டைக் கழுவுவதற்குள் டம்ளர் கையில். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் டீ கெடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடி. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடித்தால் அதே இரும்பு நன்றாக ஏறும்.

அப்புறம், கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே. உங்கம்மா உப்புச்சாறு வைப்பாளே, அப்படிச் செய். கீரையும் துவரையும் வெந்த தண்ணீரை வடித்து, பூண்டும் மிளகாயும் அரைத்து விட்டால் களிக்குச் சாறு. வடித்த கீரையைத் தாளித்தால் பொரியல். ஃபோலிக் சத்து பாதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ஃபோலிக் என்ற பெயரே இலை என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று மருந்து கம்பெனி ரெப் ஒருவர் கொடுத்த புத்தகத்தில் படித்தேன். லூசி வில்ஸ் என்று ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா, 1928-ல் பம்பாய்க்கு வந்து ஆலைத் தொழிலாளிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்தாராம். நம் குன்னூருக்கும் வந்து வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு கொடுத்து ரத்தத்தை ஏற்றினார். அதில் இருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் ஆசிட் என்று தெரிந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் அப்போது... சரி, விடு.

நீ படுத்திருந்த அறையில் பாயைச் சுருட்டும்போது ஜன்னல் கட்டையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. 33 வருடம் மெடிக்கல் ஷாப்பில் நின்றவனுக்குப் பெயரைப் படிக்க வேண்டியதில்லை. சின்ன மஞ்சள் மாத்திரை, ஃபோலிக் 5 மில்லிகிராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன ஆடியில் நீ நான்கு நாள் போனை எடுக்காதபோது, மாப்பிள்ளை "காய்ச்சல் மாமா" என்றார். நானும் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டேன். உங்கம்மா இருந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறியிருப்பாள்.

அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. முன்கூட்டியே ஆரம்பித்திருக்கிறாய், அதுதான் சரி. நாள் தள்ளிப்போனது தெரிந்து ஆரம்பித்தால் அது செய்ய வேண்டிய வேலையில் பாதி முடிந்துபோயிருக்கும். நான் சொல்வது வேறு. ரத்தத்தில் பி12 வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று பார். இந்த வாரமே பார்.

பால், தயிர், முட்டை எதையும் தொடுவதில்லை, இரண்டு வருடமாக வீகன் என்கிறாய். மாட்டைப் படுத்துகிறார்கள் என்றாய். நம் லட்சுமியை யார் படுத்தினார்கள்? அவள்தான் நம்மைப் படுத்தினாள். போகட்டும், அது உன் இஷ்டம். ஆனால் பி12 கீரையில் இல்லை, பயறில் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பாலை விட அதிகம். பி12 மட்டும் ஒரு துளி கிடையாது. ஒரு நாளைக்கு வேண்டியதும் அதிகம் இல்லை, 2.5 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் இரண்டரைப் பங்கு. ஈரலில் பழைய சேமிப்பு இருப்பதால் சில வருடம் ஓடும். அதனால்தான் "எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா" என்று சொல்ல முடிகிறது. நீ டப்பாவில் வாங்கும் பாதாம் பாலில் கம்பெனிக்காரன் சேர்த்திருந்தால்தான் உண்டு. பின்பக்கம் படித்துப் பார்.

படிக்கிறதில் உனக்கென்ன! ஒண்ணாங் கிளாஸில் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, டானிக் பாட்டிலைத் திருப்பி "ச-ய-னோ-கோ-பா-ல-மின்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாய். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அன்று முதலாளி உனக்குக் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று கொடுத்தார். அந்தப் பெயர்தான் பி12.

உங்கம்மா தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு கறியையும் முட்டையையும் விட்டது எதற்கு என்று உனக்குத் தெரியும். கறந்த பால் முழுக்க சொசைட்டிக்குப் போனது, எந்த ஃபீஸுக்கு என்றும் தெரியும். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. பழி வேறு இடத்தில் இருக்கிறது.

நீ மூன்றாம் வருடம் படிக்கும்போது அவளுக்கு நாக்கு வழவழவென்று சிவந்துபோய், காரம் வைத்தால் எரிகிறது என்றாள். மூச்சு வாங்கியது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தோம், 7.5. டாக்டரிடம் போகலாம் என்றாள். நான் எதற்கு இருக்கிறேன் என்று கடையிலிருந்து இரும்பும் ஃபோலிக்கும் சேர்ந்த கேப்ஸ்யூலைக் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று மாதத்தில் 10.5. நம்பர் ஏறியதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு நாள் சந்தையிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலில் நடந்ததே தெரியவில்லை. நான் சிரித்தேன், பாப்பா. "மாப்பிள்ளை வீட்டைத் தேட ஆரம்பிச்சதும் புத்தி மாறிப்போச்சா" என்று கேட்டேன்.

பி12 இல்லாதவர்களுக்கு ஃபோலிக்கை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ரத்தம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இது அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. லூசி வில்ஸ் கதைக்கு அடுத்த பக்கம். கதையோடு மூடி வைத்துவிட்டேன்.

சேலத்து டாக்டர் பார்த்தபோது இரண்டு வருடம் ஆகியிருந்தது. "யாரம்மா இந்த மாத்திரையைக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நானே வாங்கிச் சாப்பிட்டேன் சார்" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊசி போட்டதும் நாக்கு சீக்கிரமே ஆறிவிட்டது. கால் திரும்பவில்லை. இருட்டில் தொட்டியடியில் விழுந்தது அந்தக் காலால்தான். உனக்கும் அத்தைக்கும் வாதம் என்று சொன்னேன். வாதம் இல்லை.

டாக்டரிடம் அம்மாவுக்கு இப்படி இருந்தது என்று சொல். குடும்பத்தில் இருந்தால் அவர்கள் கவனித்துப் பார்ப்பார்கள். உள்ளங்கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல் இருந்தால் அதையும் சொல். குறைவு என்றால் மாத்திரையே போதும் என்பார்கள், ஊசி என்றால் போட்டுக்கொள். பி12 மாத்திரை மாட்டிலிருந்து வருவதில்லை, நுண்ணுயிரை வளர்த்து எடுப்பது. உன் கொள்கைக்கு ஒன்றும் ஆகாது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூர் வருகிறான். கேழ்வரகு மாவு ஐந்து கிலோ, உரித்த அவரைக்கொட்டை ஒரு டப்பா, நெல்லிக்காய் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையை ஸ்டாப்பிங்குக்கு வரச் சொல். அவரைக்கொட்டையை அன்றே ஃப்ரிட்ஜில் வை.

அட்டையில் எட்டு மாத்திரை இருந்தது. மாவுப் பையின் அடியில், காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன்.

டீயை ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

அப்பா